செவ்வாய்க்கிழமை மட்டும் வேலை செஞ்ச பிரிண்டர்: ஜங்ஷன் கடை ஒன்னுல பாத்த நிகழ்வு ஆய்வு

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் நமக்குத் தெரிஞ்ச அண்ணாச்சி ஒருத்தர் கடை வச்சிருக்காவ. ஜெராக்ஸ், டைப்பிங், பட்டா சிட்டா எடுத்துக் குடுக்கது, வில்லங்கம் போட்டுக் குடுக்கது, ரெயில் டிக்கெட், எல்லாம் ஒரு முன் ரூமு ஒரு பின் ரூமுக்குள்ளதான். பொங்கல் முடிஞ்ச கையோட அவியகிட்ட இருந்து போன். "தம்பி, உனக்கு அந்த லினக்ஸ் எழவு தெரியும்லா, செத்த வந்து பாத்துட்டுப் போ, பிரிண்டர் செவ்வாய்க்கிழமை மட்டுந்தான் ஓடுது." நான் சிரிச்சுட்டேன், அண்ணாச்சி சிரிக்கல. கடைப் பேரும் பிரிண்டர் கம்பெனி பேரும் ரவுட்டர் யாருதுங்கதும் இதுல போடல, தேவையும் இல்ல, எந்தக் கம்பெனி சாமான் இருந்தாலும் இதே கூத்துதான் நடந்திருக்கும்.

கடை எப்படின்னு முதல்ல சொல்லிருதேன், கோளாறுல பாதி அதுலதான் கெடக்கு. 2023 டிசம்பர் 17, 18 தேதில தாமிரபரணி பெருகி ஜங்ஷனுக்குள்ள தண்ணி வந்துச்சுல்லா, இந்தக் கடைலயும் ஏறிருச்சு. தரைல இருந்த சிபியு, யுஎஸ்பி வயர்ல மாட்டியிருந்த பழைய பிரிண்டர், பேப்பர் பெட்டி எல்லாம் சேறு. அதுல இருந்து அண்ணாச்சிக்கு ஒரு சபதம், தரைல ஒரு கரண்டு சாமானும் வைக்கக் கூடாது, ராத்திரி கடை அடைக்கும்போது மெயின் சுவிட்ச இறக்காமப் போகக் கூடாது. புதுசா வாங்கின லேசர் பிரிண்டர் (காப்பி, ஸ்கேன் எல்லாம் சேந்த மாடல்) பின் ரூம்ல நெஞ்சு உயரத்துக்குக் கடப்பாக்கல் போட்டு அது மேல ஏறி உக்காந்திருக்கு. கம்ப்யூட்டர் முன்னாடி கல்லாகிட்ட. நடுவுல செவரச் சுத்தி வயர் இழுத்தா எட்டு மீட்டர் வரும், சாதா யுஎஸ்பி வயர் அஞ்சு மீட்டருக்கு மேல போனா நம்ப முடியாது, அதனால பிரிண்டர் வைஃபைல, கம்ப்யூட்டர் ரவுட்டருக்கு நேரா வயர்ல. கம்ப்யூட்டர் செகண்ட் ஹேண்ட், அண்ணாச்சியோட தங்கச்சி மகன் விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ்ல ஒரு வகையான மின்ட்டப் போட்டு பிரிண்டரயும் சேத்து விட்டுட்டு சென்னைக்கு வேலைக்குப் போயிட்டான். நல்ல பையன், பிரிண்டர் சைடுல மார்க்கர் பேனா வச்சு 192.168.1.3ன்னு ஐபி அட்ரஸ் (நெட்வொர்க்ல ஒவ்வொரு சாமானுக்கும் இருக்க வீட்டு நம்பர் மாதிரி) எழுதி வேற ஒட்டி வச்சிருந்தான். அந்த ஸ்டிக்கராலதான் நானே அரை மணி நேரம் கோட்டிக்காரனா அலைஞ்சேன்.

என்ன கோளாறுன்னு சொன்னாவ

திங்கள் புதன் வியாழன்னு எந்த நாள்ல பிரிண்ட் குடுத்தாலும் போகாது, "பிரிண்டர் உபயோகத்தில் இருக்கிறது"ங்க மாதிரி இங்கிலீஷ்ல ஒரு வரி வரும், போய்ப் பாத்தா பிரிண்டர் சும்மா பச்சை லைட்டு எரிஞ்சுக்கிட்டு நிக்கும். செவ்வாய்க்கிழமை காலைல மட்டும் கடை தொறந்து கம்ப்யூட்டர் ஆன் ஆன உடனே யாரும் தொடாமலே பிரிண்டர் தானா ஓட ஆரம்பிக்கும், முந்தின நாள் சாயங்காலம் எவனோ கேட்டு வராமப் போன வில்லங்கம், ஒரு கல்யாணப் பத்திரிகை புரூஃப், ஒரு ஜாதகம், எல்லாம் வரிசையா வந்து விழும். அன்னைக்கு முழுக்க நல்லா ஓடும். புதன்கிழமை மறுபடி படுத்துக்கும்.

செவ்வாய்க்கிழமை அண்ணாச்சி காலைல குறுக்குத்துறை முருகன் கோயிலுக்குப் போயிட்டுத்தான் கடைக்கு வருவாவ, அன்னைக்குக் கடை தொறக்கது அங்க வேலை பாக்க பிள்ளதான். அவ பிரிண்டருக்கும் சேத்து பத்தி கொளுத்தி வைப்பாளாம். ஆக அண்ணாச்சி மனசுல ஒரு கணக்கு உருவாகிப் போச்சு, தப்புன்னு சொல்ல முடியாது, அவியகிட்ட இருந்த தகவலுக்கு அது சரியான கணக்குதான். மத்த நாள்லயும் பத்தி கொளுத்திப் பாத்திருக்காவ, நடக்கல.

மத்த நாள் எப்படி ஓட்டுதீங்கன்னு கேட்டேன். "என்ன செய்ய, கம்ப்யூட்டர்ல இருந்து வாட்சப்ல என் போனுக்கு அனுப்பி போன்ல இருந்து பிரிண்ட் குடுக்கேன், அது சட்டுன்னு போயிருது, அப்ப கேடு உன் லினக்ஸ்லதான." இந்த வாதத்துக்கு என்கிட்ட அப்ப பதில் இல்ல. போன்ல இருந்து போகுது, கம்ப்யூட்டர்ல இருந்து போகல, யாரா இருந்தாலும் கம்ப்யூட்டரத்தான் சந்தேகப்படுவான். இதுக்கு முன்னாடி வந்து பாத்த ஒருத்தர் விண்டோஸ் போட்டாத்தான் சரியாகும்னு ஒரு தொகை சொல்லிட்டுப் போயிருந்தார், அது வேற அண்ணாச்சிக்கு வயித்தெரிச்சல்.

பதில் சொன்னது யாரு

நான் போனது ஒரு வியாழக்கிழமை. முதல்ல கம்ப்யூட்டர்ல எல்பிஸ்டாட் கமாண்ட வி ஆப்ஷன் போட்டு ஓட்டிப் பாத்தேன், எந்தெந்த பிரிண்டர் எங்க போய்ச் சேருதுன்னு அது காட்டும். சாக்கெட், 192.168.1.3, போர்ட் 9100ன்னு வந்துச்சு, அதாவது அந்த நம்பர் வீட்டுல 9100ங்க கதவுக்கு நேரா அனுப்புதுன்னு அர்த்தம். ஸ்டிக்கர்ல இருக்க அதே நம்பர். அடுத்து அந்த நம்பருக்கு பிங் அடிச்சேன் (இருக்கியான்னு கேட்டுப் பாக்கது), பதில் வருது. சரி, நெட்வொர்க்ல ஒரு கோளாறும் இல்ல, கோளாறு டிரைவர்லதான்னு (கம்ப்யூட்டர பிரிண்டர்கூட பேச வைக்க சாப்ட்வேர்) முடிவு பண்ணிட்டேன். டிரைவர மாத்தி, பழையத அழிச்சு, மறுபடி சேத்து, டெஸ்ட் பேஜ் குடுத்து, அதே "உபயோகத்தில் இருக்கு". இப்படியே அரை மணி நேரம், ரெண்டு டீ.

நான் பண்ண தப்பு என்னன்னா பிங்குக்குப் பதில் வந்த உடனே பதில் சொல்லுதது பிரிண்டர்தான்னு நானே நெனச்சுக்கிட்டேன். பிங்ல பேரு ஒன்னும் வராது, அந்த நம்பர்ல எவனோ ஒருத்தன் உயிரோட இருக்கான்னு மட்டுந்தான் அர்த்தம். அந்தப் பதில்லயே ஒரு துப்பு இருந்துச்சு, ஒரு தடவ 8 மில்லிசெகண்டு, அடுத்தது 140, அடுத்தது 60ன்னு தாறுமாறா வந்துச்சு. கரண்டுல சும்மா நிக்க சாமான் பெரும்பாலும் இப்படி ஏறி எறங்காது, பேட்டரிய மிச்சம் பிடிக்க வைஃபைய அப்பப்ப தூங்க விடுத சாமான்தான் வழக்கமா இப்படிப் பதில் சொல்லும். அத அப்ப நான் கண்டுக்கல.

வழி காட்டுனது அந்தப் பிள்ளதான். டைப் பண்ணிக்கிட்டே பைய சொன்னா, "அண்ணே, மத்தியானம் அண்ணாச்சி வீட்டுக்குச் சாப்பிடப் போனா அந்த மெசேஜ் மாறிரும்ணே, அப்ப வேற ஏதோ வரும்." மணி பன்னெண்டே முக்கால், அண்ணாச்சி போகட்டும்னு உக்காந்திருந்தேன். அவிய வண்டிய எடுத்துட்டுப் போயி செத்த நேரத்துல, சொன்ன மாதிரியே, மெசேஜ் மாறிருச்சு, "பிரிண்டரை இப்போது எட்ட முடியவில்லை"ங்க அர்த்தத்துல ஒரு வரி. பிங்கும் செத்துப் போச்சு. பிரிண்டர் அங்கனயேதான் பச்சை லைட்டோட நிக்கி.

இந்த ரெண்டு மெசேஜுக்கும் உள்ள வித்தியாசத்தக் கொஞ்சம் விளக்கணும், ஏன்னா இதுதான் மொத்தக் கேஸும். லினக்ஸ்ல பிரிண்ட் வேலையப் பாக்கது கப்ஸ்னு ஒரு சாப்ட்வேர். மைக்கேல் ஸ்வீட்னு ஒருத்தர் 1997ல எழுத ஆரம்பிச்சது, 2007ல ஆப்பிள் அத வாங்கிருச்சு, மேக் கம்ப்யூட்டர்லயும் உள்ள இருக்கது இதே கப்ஸ்தான். அது 9100ங்க போர்ட்டுக்கு அனுப்பும்போது நீ யாருப்பா, பிரிண்டரான்னு விசாரிக்காது, போயி கதவத் தட்டும், தொறந்தா டேட்டாவ அப்படியே கொட்டும். வீட்டுல ஆளே இல்லன்னா "எட்ட முடியல"ன்னு எழுதும். ஆள் இருந்து கதவ முகத்துல அடிச்ச மாதிரி சாத்துனா, அதாவது கனெக்ஷன மறுத்துட்டா, கப்ஸ் பாவம் நல்லெண்ணத்துல நெனைக்கி, பிரிண்டர் வேற யாருக்கோ அடிச்சுக்கிட்டு இருக்கு போல, பொறுத்து மறுபடி தட்டுவோம்னு. அதத்தான் "உபயோகத்தில் இருக்கு"ன்னு எழுதுது. ஆக அந்த வரிக்கு உண்மையான அர்த்தம், அந்த அட்ரஸ்ல யாரோ இருக்காவ, ஆனா 9100ங்க கதவத் தொறக்க மாட்டேங்காவ. அது பிரிண்டரா இருக்கணும்னு ஒரு அவசியமும் இல்ல.

அப்புறம் எல்லாம் மளமளன்னு முடிஞ்சுது. பிரிண்டரோட சின்ன ஸ்கிரீன்ல மெனுவுக்குள்ள போயி நெட்வொர்க் ரிப்போர்ட் அடிச்சு எடுத்தேன், இந்த ஒத்தத் தாள முதல்லயே எடுத்திருந்தா ரெண்டு டீ மிச்சம். அதுல ஐபி அட்ரஸ் 192.168.1.4. ஸ்டிக்கர்ல 3, தாள்ல 4. அண்ணாச்சி சாப்பிட்டுத் திரும்பி வந்த உடனே 3 மறுபடி பதில் சொல்ல ஆரம்பிச்சுது. கம்ப்யூட்டர்ல ஐபி நெய்பர்ங்க கமாண்ட் ஓட்டி 3ங்க அட்ரஸுக்குப் பின்னாடி இருக்க மேக் நம்பரப் பாத்தேன் (சாமானோட வைஃபைக்கு உள்ள அடையாள நம்பர், மேக் கம்ப்யூட்டருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல), பிரிண்டர் முதுகுல அச்சடிச்சிருக்க நம்பர் இல்ல அது. மேக் நம்பர்ல ரெண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ இந்த நாலுல ஒன்னா இருந்தா அது கம்பெனி போட்ட நம்பர் கெடயாது, பெரும்பாலும் போன் தானா உருட்டி வச்சுக்கிட்ட நம்பர், ஆண்ட்ராய்டு 10ல இருந்து வழக்கமா இப்படித்தான் பண்ணுது. இதுல ஏ இருந்துச்சு.

"அண்ணாச்சி, உங்க போனக் குடுங்க." செட்டிங்ஸ்குள்ள வைஃபையத் தொறந்து காட்டுனேன், 192.168.1.3. அண்ணாச்சி கண்ணாடியப் போட்டுப் பாத்துட்டு, ஸ்டிக்கரப் பாத்துட்டு, "ஏலே, அப்ப இத்தன நாளா என் பைக்குள்ளதான் பிரிண்ட் குடுத்துக்கிட்டு இருந்தோமா"ன்னு அந்தப் பிள்ளையப் பாத்துக் கேட்டாவ.

ஏன் செவ்வாய்க்கிழமைன்னு இப்ப உங்களுக்கே புரிஞ்சிருக்கும். ராத்திரி மெயின் சுவிட்ச இறக்குனா ரவுட்டர் யாருக்கு எந்த நம்பர் குடுத்தோம்ங்கத மறந்துருது, எல்லா ரவுட்டரும் இப்படி இல்ல, இந்தக் கடை ரவுட்டர் இப்படி. காலைல கரண்டு வந்த உடனே கேட்டு வாரவங்களுக்கு 3ல இருந்து வரிசையா நம்பர் குடுக்கும், நம்ம ரேஷன் கடை டோக்கன் மாதிரி. கம்ப்யூட்டருக்கு மட்டும் அந்தத் தம்பி 2ன்னு கையால போட்டு வச்சுட்டான், பிரிண்டருக்கு மறந்துட்டான். பிரிண்டர் சூடாகி வைஃபைய எழுப்பி வரிசைக்கு வரதுக்குள்ள அண்ணாச்சி பைல இருக்க போன் முந்திக்கிட்டு 3ங்க டோக்கன வாங்கிரும், பிரிண்டருக்கு 4. செவ்வாய்க்கிழமை போன் குறுக்குத்துறைல இருக்கு, கடைல வரிசைல நிக்கது பிரிண்டர் மட்டுந்தான், அதுக்கு 3 கெடச்சுரும், அண்ணாச்சி பொறவு வந்தாலும் போனுக்கு அடுத்த நம்பர்தான். கடைல இருக்க பிள்ளகிட்டயும் போன் இருக்கு, ஆனா அண்ணாச்சி அவளுக்கு வைஃபை பாஸ்வேர்டு குடுக்கல. குடுத்திருந்தா செவ்வாய்க்கிழமையும் ஓடியிருக்காது, நான் வந்து டிரைவரக் குத்தம் சொல்லிட்டுப் போயிருப்பேன்.

போன்ல இருந்து குடுத்தா ஏன் போச்சு? போன் நம்பர வச்சுத் தேடல, பேர வச்சுத் தேடுது. "இங்க பிரிண்டர் யாராச்சும் இருக்கியளா"ன்னு மொத்த நெட்வொர்க்குக்கும் கேக்கற மாதிரி ஒரு கூப்பாடு போடும், எம்டிஎன்எஸ்னு பேரு, போர்ட் 5353, பிரிண்டர் "நான் இங்கன இருக்கேன், இன்னைக்கு என் நம்பர் இது"ன்னு பதில் சொல்லும். நம்பர் தினமும் மாறுனாலும் அதுக்குக் கவலை இல்ல.

இருந்தாலும் கதை சரியா இருக்குங்கதுக்காக நம்பிரக் கூடாதுல்லா. மெயின இறக்கி, போன்ல வைஃபைய அணைச்சு, மெயின ஏத்தி பிரிண்ட் குடுத்தோம், போச்சு. மறுபடி இறக்கி, போன்ல வைஃபை போட்டு ஏத்துனோம், போகல. மூணு மூணு தடவ மாத்தி மாத்திப் பாத்தோம், ஆறுலயும் தப்பல. கடைசித் தடவ மெயின இறக்கும்போது ஜெராக்ஸுக்கு வந்து நின்ன ஒரு பெரியவர் "கரண்டு இல்லியாப்பா"ன்னு திரும்பிப் போயிட்டாவ, அது ஒரு நஷ்டம்.

சரி பண்ணது

பழைய பிரிண்டர் என்ட்ரிய அழிச்சேன். எல்பிஇன்ஃபோ கமாண்ட வி ஆப்ஷனோட ஓட்டுனா பேர வச்சுக் கூப்பிடக்கூடிய பிரிண்டர் எல்லாத்தயும் காட்டும், முதல் தடவையே நம்ம பிரிண்டர் அதுல வந்துருச்சு. எல்பிஅட்மின் கமாண்ட்ல கடை_ஏ4ன்னு பேரு வச்சு (பேருக்குள்ள இடைவெளி விடக் கூடாது, அடிக்கோடு போடணும்), அட்ரஸ் இடத்துல நம்பருக்குப் பதிலா ஐபிபி (கம்ப்யூட்டரும் பிரிண்டரும் பேசிக்க மொழி), பிரிண்டரோட பேரு, டாட் லோக்கல், அப்புறம் சாய்கோடு போட்டு ஐபிபி, சாய்கோடு போட்டு பிரிண்ட்டுன்னு குடுத்து, மாடல் இடத்துல எவ்ரிவேர்னு குடுத்தேன். டிரைவர்னு தனியா ஒன்னும் கெடயாது, பிரிண்டர்கிட்டயே உனக்கு என்ன பேப்பர் தெரியும், ரெண்டு பக்கம் அடிப்பியான்னு கப்ஸ் கேட்டுக்கும். இப்ப பேசுதது 631ங்க போர்ட்ல, இது 9100 மாதிரி ஊமை இல்ல, பேப்பர் இல்லன்னா பேப்பர் இல்லன்னு திருப்பிச் சொல்லும். இப்படி டிரைவர் இல்லாமலே அடிக்க ஆப்பிளோட ஏர்பிரிண்ட் 2010ல வந்துச்சு, இந்த ஐபிபி எவ்ரிவேர் 2013ல, அதனால கடந்த பத்து வருஷத்துல வாங்குன வைஃபை பிரிண்டர்ல பெரும்பாலும் ரெண்டுல ஒன்னு இருக்கும். டப்பால ஏர்பிரிண்ட்னு போட்டிருந்தா லினக்ஸ்ல ஓடும்னு நம்பி வாங்கலாம், நான் யாரு கேட்டாலும் இதத்தான் சொல்லுதேன்.

அதோட விடல. ரவுட்டருக்குள்ள போயி பிரிண்டரோட மேக் நம்பரக் குடுத்து 192.168.1.50ன்னு ஒரு நம்பர அதுக்கே ஒதுக்கி வச்சேன். பேரு வேலை செஞ்சா இது எதுக்குன்னு அண்ணாச்சி கேட்டாவ, ஞாயமான கேள்விதான். நாளைக்கு ரவுட்டர மாத்துனா இந்தக் கூப்பாடு போடுத வழிய அது அடைச்சு வச்சிருக்கலாம், அப்ப கோளாறு பாக்க வாரவனுக்குக் கையப் பிடிக்க ஒரு நம்பர் வேணும். பிரிண்டர் மெனுலயே கையால நம்பர் போடலாம்னு சிலர் சொல்லுவாவ, நான் போட மாட்டேன், ரவுட்டருக்குத் தெரியாம போட்டா அதே நம்பர அது வேற யாருக்காச்சும் தூக்கிக் குடுத்துரும், திரும்பவும் இதே கேஸ்தான்.

பழைய ஸ்டிக்கரக் கிழிச்சுப் போட்டேன்.

பேப்பர் சண்டை

முதல் பட்டா அடிச்சதும் பிரிண்டர்ல ஆரஞ்சு லைட்டு, லெட்டர் சைஸ் பேப்பர் வைன்னு கேக்கு. அண்ணாச்சி மூஞ்சி மறுபடி சுருங்கிருச்சு. இது ஊர்ப் பிரச்சனை இல்ல, அமெரிக்கப் பிரச்சனை. மின்ட் போடும்போது மொழிய அமெரிக்க இங்கிலீஷ்னு விட்டுட்டா பேப்பரும் அவங்க ஊரு லெட்டர்னு ஆயிரும், அது 279.4 மில்லிமீட்டர் நீளம், நம்ம ஏ4 297. ட்ரேல இருக்கது ஏ4, கேக்கது லெட்டர், நின்னுக்கிருச்சு. சிலர் பிரிண்டர்ல ஓகேய அமுக்கி அமுக்கிச் சமாளிப்பாவ, ஆனா சைஸ் சுருங்கும், இல்லன்னா கடைசி ரெண்டு வரி வெட்டுப்படும், பட்டாவுல அந்த ரெண்டு வரி இல்லாம தாலுகா ஆபீஸ்க்குப் போயி நிக்க முடியுமா. பிரிண்டர் செட்டிங்ல ஏ4ன்னு மாத்துனேன், மொழி செட்டிங்ல ரீஜனையும் இந்தியான்னு மாத்துனேன், ரெண்டும் பண்ணணும், ஒன்ன மட்டும் பண்ணுனா ஏதாச்சும் ஒரு சாப்ட்வேர் பழைய புத்திய விடாது.

அடுத்து, பிரிண்ட் குடுக்கும்போது லிஸ்ட்ல ஒரே பிரிண்டர் ரெண்டு பேர்ல வந்துச்சு. ஒன்னு நான் வச்சது, இன்னொன்னு கப்ஸ் பிரவுஸ்டுன்னு ஒரு சர்வீஸ் தானா கண்டுபிடிச்சு வச்சது. பிள்ள அவசரத்துல எத அமுக்குவான்னு சொல்ல முடியாது. அந்த சர்வீஸ நிறுத்திட்டேன், 2024 செப்டம்பர்ல அதுல பெரிய பாதுகாப்பு ஓட்டை இருக்குன்னு வெளிய வந்ததுல இருந்தே ஒத்த பிரிண்டர் இருக்க இடத்துல அத ஓட விடுததில்ல நான்.

கடைசியா ஒன்னு, இத அண்ணாச்சி கேக்கல, நானாப் பாத்தது. செவ்வாய்க்கிழமை காலைல ஊரான் வில்லங்கம் தானா வந்து விழுந்துச்சுல்லா, அப்ப கடைல முதல்ல நிக்க ஆளு அத எடுத்துப் படிக்கலாம். ஆதார் காப்பி, பத்திரம், பேங்க் பாஸ்புக் எல்லாம் அடிக்க கடை இது. போகாம நிக்க பிரிண்ட் கம்ப்யூட்டர அணைச்சாலும் அழியாது, ஆன் பண்ணுன உடனே விட்ட இடத்துல இருந்து முயற்சி பண்ணும். அடிச்சு முடிஞ்ச ஃபைலையும் கப்ஸ் வழக்கமா ஒரு நாள் உள்ள வச்சிருக்கும், திரும்ப அடிக்கணும்னா வசதின்னு. அந்த வசதிய அதோட கான்ஃபிக் ஃபைல்ல நோன்னு போட்டு நிறுத்திட்டேன். கடை அடைக்கதுக்கு முன்னாடி நிக்க வேலை எல்லாத்தயும் கேன்சல் பண்ண டெஸ்க்டாப்ல ஒரு ஐகான் வச்சுக் குடுத்தேன், கேன்சல் கமாண்ட்ல ஏ ஆப்ஷன், அவ்வளவுதான். மெயின இறக்க முன்னாடி அத அமுக்கணும்னு பிள்ளகிட்ட சொல்லிருக்கேன், அவ மறக்க மாட்டா, அண்ணாச்சிதான் மறப்பாவ.

மூணு வாரம் கழிச்சு ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு புதன்கிழமை ரெண்டு நாளும் போயிப் பாத்தேன். ரெண்டு நாளும் ஓடுச்சு. நடுவுல ஒரு தடவ "எட்ட முடியல"ன்னு வந்துச்சாம், போயிப் பாத்தா பிரிண்டர் பிளக்க யாரோ மிக்சிக்காகப் பிடுங்கி வச்சிருக்காவ, மெசேஜ் சரியாத்தான் சொல்லியிருக்கு. ஸ்கேன் இன்னும் கம்ப்யூட்டருக்கு நேரா வர மாதிரி செட் பண்ணல, அது பாக்கி. பிரிண்டர் பக்கத்துல பத்திச் சாம்பல் கெடந்துச்சு, லேசர் பிரிண்டர்குள்ள சாம்பல் போனா நல்லதில்ல, ரெண்டடி தள்ளி வைக்கச் சொன்னேன். "சரி தம்பி, தள்ளி வைக்கேன்"னாவ.